நாற்பத்தொன்பதாம் நாள்

கார்த்திகை முதல் தேதி விடியற்காலையில் என் தாய்மாமா குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு பிள்ளையார் கோயிலுக்குப் போய் மாலை போட்டுக்கொண்டு வருவார். முந்தின ராத்திரி வரைக்கும் பீடி பிடித்த கை அது. எழுந்ததும் ஒன்று, டீக்கு முன்னால் ஒன்று, டீக்குப் பிறகு ஒன்று, பஸ் வரும்வரை ஒன்று என்று ஒரு நாளைக்கு ஒரு கட்டுக்கு மேல் போகும். மாலை கழுத்தில் ஏறியதும் அத்தனையும் நின்றுவிடும். 48 நாள் ஒன்றுகூடக் கிடையாது.

தெருமுனைப் பெட்டிக்கடையில் பீடி பற்றவைக்க ஒரு தேங்காய்நார்க் கயிறு தொங்கும். அதன் நுனியில் கனல் காலையிலிருந்து இரவு வரை உயிரோடு இருக்கும். மற்ற நாட்களில் மாமா வாயே திறக்க வேண்டாம். கடைக்காரர் கட்டை எடுத்து நீட்டிவிடுவார். கார்த்திகையில் அதே கடைக்காரர் "வாங்க சாமி" என்று சொல்லி இரண்டு பழத்தைப் பிய்த்துக் கொடுப்பார். கனல் மாமாவின் முழங்கைக்குப் பக்கத்திலேயே புகைந்துகொண்டிருக்கும். மாமா பழத்தை உரித்துத் தின்றுவிட்டு வந்துவிடுவார்.

மலைக்குப் போய்த் திரும்பி, மாலையைக் கழற்றி சாமி படத்துக்குப் போட்ட கால் மணி நேரத்தில் திண்ணையிலிருந்து பீடி வாசனை வரும்.

ஒருமுறை கேட்டுவிட்டேன். "நாப்பத்தெட்டு நாள் முடிஞ்சுதுல்ல மாமா, இன்னைக்கும் விட்டா என்ன?" அவர் கோபப்படவில்லை. "அது சாமி விட வெச்சது மாப்ள. நானா விடல" என்றார். அந்தப் பதிலில் இருக்கும் உண்மையை விளங்கிக்கொள்ள எனக்குப் பல வருடம் ஆயிற்று. இந்த அத்தியாயம் முழுக்க அதைப் பற்றித்தான்.

முதல் சில நாட்களில் உடம்புக்குள் நடப்பதைப் பார்த்துவிடுவோம். புகையை இழுத்த பத்து, இருபது நொடிக்குள் நிகோட்டின் மூளையைத் தொட்டுவிடுகிறது. நுரையீரலில் நிகோட்டின் கலந்த ரத்தம் இதயத்தின் இடப்பக்கம் வந்து, அங்கிருந்து நேரே மூளைக்கு ஏறுவதால் இந்த வேகம். மூளையில் அசெட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை வாங்கிக்கொள்வதற்கென்று ஏற்பிகள் இருக்கின்றன. நிகோட்டின் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. உடனே டோபமின் சுரக்கிறது. 'இது நல்லது, மறந்துவிடாதே' என்று மூளை குறித்து வைத்துக்கொள்வது அப்போதுதான். நாள்பட நாள்பட ஏற்பிகளின் எண்ணிக்கை கூடுகிறது. அமெரிக்காவில் ஆர்தர் பிராடி குழுவினர் 2006-இல் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். ஒன்றிரண்டு இழுப்பிலேயே இந்த ஏற்பிகளில் பாதி நிரம்பிவிடுகிறது என்றும், மூன்று மணி நேரத்துக்குப் பிறகும் அது அப்படியே இருக்கிறது என்றும் தெரிந்தது. 'ஒரே ஒரு இழுப்புதானே' என்று யாராவது நீட்டும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்வது நல்லது.

ரத்தத்தில் இருக்கும் நிகோட்டினில் பாதி, சுமார் இரண்டு மணி நேரத்தில் போய்விடும். ராத்திரி தூங்கி எழுந்தால் கிட்டத்தட்ட எல்லாமே போயிருக்கும். காலையில் குடிக்கும் முதல் பீடிக்கு அத்தனை ருசி இருப்பது அதனால்தான். அந்த ருசியின் பெரும்பகுதி, வலித்துக்கொண்டிருந்த ஒன்று நிற்பதால் வரும் ஆறுதல். அதுவும் கிடைக்காவிட்டால் எரிச்சல், படபடப்பு, தூக்கமின்மை, பசி, எதிலும் மனம் நிலைக்காமை என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். முதல் வாரத்தில்தான் இவை உச்சத்துக்குப் போகும். இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். கூடிப்போயிருந்த ஏற்பிகளும் சில வாரங்களில் குறைந்து பழைய நிலைக்குத் திரும்புகின்றன.

இடையில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், டீக்கடையில் உட்கார்ந்துகொண்டே புகையை விடப் பார்ப்பவர்களுக்காக. புகையில் இருக்கும் தார்ப் பொருட்கள், காஃபீனை உடைக்கும் கல்லீரல் நொதியை முடுக்கிவிட்டிருக்கும். புகை நின்றதும் அந்த முடுக்கமும் நின்றுவிடும். வழக்கமாகக் குடிக்கும் அதே நாலு டீ இப்போது ரத்தத்தில் கூடுதலாகவும் கூடுதல் நேரத்துக்கும் தங்கும். கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, ராத்திரி தூக்கம் வரவில்லை என்றால் 'பீடி இல்லாததால்தான்' என்று நினைக்கத் தோன்றும். பழி டீயின் மேலும் இருக்கலாம். முதல் சில வாரம் டீயைப் பாதியாக்கிக்கொண்டால் இந்த உபாதையில் ஒரு பங்கு குறையும்.

எந்த உதவியும் இல்லாமல் புகையை நிறுத்துபவர்களில் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை தாக்குப்பிடிப்பவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர். மற்றவர்களில் பெரும்பாலோர் முதல் எட்டு நாளுக்குள்ளேயே திரும்பிவிடுகிறார்கள். பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்து 2004-இல் வெளியிட்ட கணக்கு இது. அப்படியிருக்க, ஊர் ஊராக எத்தனையோ ஆண்கள் கார்த்திகை பிறந்ததும் அந்த எட்டு நாளைத் தாண்டி, 41 நாள், 48 நாள் என்று நிற்கிறார்கள். மூளையின் ஏற்பிகளுக்குக் கார்த்திகையும் தெரியாது, மார்கழியும் தெரியாது. அப்படியென்றால் தவிப்பு வேதியியலால் மட்டும் ஆனதல்ல.

இஸ்ரேலில் ருவென் தார் என்ற உளவியலாளர் இதே கேள்வியை வேறொரு விரதத்தை வைத்துக் கேட்டார். மத நெறிகளைக் கறாராகக் கடைப்பிடிக்கும் யூதர்கள் வாரந்தோறும் ஓய்வுநாளில் நெருப்பு மூட்டமாட்டார்கள். சிகரெட்டும் பற்றவைக்க முடியாது. அவர்களை ஓய்வுநாளிலும் கவனித்தார், புகைக்காமல் இருக்கச் சொல்லி ஒரு வேலைநாளிலும் கவனித்தார். இரண்டு நாளிலும் உடம்புக்குள் நிகோட்டின் போகவில்லை. தவிப்பு மட்டும் வேலைநாளில் அதிகம், ஓய்வுநாளில் குறைவு. பிறகு 2010-இல் புகைப்பழக்கம் உள்ள விமானப் பணியாளர்களைப் பற்றி அவர் வெளியிட்ட ஆய்வு இதைவிடத் தெளிவானது. ஐரோப்பாவுக்குப் போகும் விமானத்தில் மூன்று முதல் ஐந்தரை மணி நேரம். நியூயார்க் போகும் விமானத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல். நிகோட்டின் மட்டுமே காரணம் என்றால், இரண்டிலும் நாலு மணி நேரம் கழிந்ததும் ஒரே அளவு தவிப்பு இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. ஐரோப்பா விமானம் தரையிறங்கப்போகும் நேரத்தில் தவிப்பு உச்சத்தில் இருந்தது. நியூயார்க் விமானத்தில் அதே நேரத்தில் மிகவும் குறைவு. அங்கே இன்னும் பாதி வழிகூடத் தாண்டவில்லையே. அங்கும் இறங்கப்போகும் நேரம் நெருங்கியதும் ஏறியது.

கிடைக்கும் என்று தெரிந்தால் மனம் கை நீட்டுகிறது. கதவு சாத்தியிருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் தட்டிக்கொண்டே இருப்பதை விட்டுவிடுகிறது. மாமாவின் கழுத்து மாலை அந்தச் சாத்திய கதவு. "சாமி விட வெச்சது" என்று அவர் சொன்னதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். ஒவ்வொரு முறையும் 'குடிக்கலாமா, வேண்டாமா' என்று தனக்குள்ளேயே வழக்காடும் வேலை அவருக்கு இல்லாமல் போயிருந்தது.

ஆனால் தவிப்பு என்பது வெறும் எண்ணம் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. பக்கவாதம் போன்றவற்றால் மூளையில் 'இன்சுலா' என்ற பகுதி பழுதான புகைப்பழக்கக்காரர்கள் 19 பேரை நாசிர் நக்வி குழுவினர் 2007-இல் ஆராய்ந்தார்கள். அவர்களில் 12 பேர் சிரமமே இல்லாமல் சட்டென்று புகையை விட்டிருந்தார்கள். பிறகு அந்த ஆசையும் வரவில்லை. உடம்பின் உள்நிலையை, அதாவது பசி, மூச்சு, நெஞ்சுத் துடிப்பு போன்றவற்றை, மூளை உணரும் இடங்களில் இன்சுலா முக்கியமானது. ஆக, தவிப்பை நாம் உணர்வது உடம்பால். தொண்டைக்குழியில் ஒரு வறட்சி, விரல் நுனியில் ஒரு குறுகுறுப்பு, நெஞ்சில் ஒரு காலியிடம். 'மன உறுதி இருந்தா விட்டுடலாம்' என்று ஓரமாக நின்று சொல்பவர்கள் இதை ஒரு நாளாவது அனுபவித்துப் பார்த்திருந்தால் அப்படிப் பேசமாட்டார்கள்.

தவிப்பு இரண்டு விதமாக வரும். ஒன்று, நாள் முழுக்க அடியில் ஓடிக்கொண்டிருப்பது. நிகோட்டின் பட்டை ஒட்டினால் பெரும்பாலும் தணிவது இதுதான். நிகோட்டின் பட்டை, மெல்லும் கோந்து போன்றவை புகையை விடும் வாய்ப்பை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்குகின்றன. மருத்துவரைக் கேட்டு இவற்றைப் பயன்படுத்துவதில் எந்த வெட்கமும் வேண்டாம். இன்னொன்று, எதையாவது பார்த்ததும் குபீரென்று எழுவது. டீ கிளாஸ், பஸ் ஸ்டாண்டு, சாப்பிட்டு முடித்த இலை, பழைய கூட்டாளியின் குரல். இதற்குப் பட்டையால் பெரிதாகப் பயன் இல்லை. ஆனால் இதன் ஆயுள் குறைவு. பெரும்பாலும் சில நிமிடங்கள்தான். அலைபோல எழும், உச்சிக்குப் போகும், நீங்கள் பீடி குடித்தாலும் குடிக்காவிட்டாலும் இறங்கிவிடும். இது இறங்கும் என்பதே பலருக்குத் தெரியாது. இறங்கும்வரை காத்திருந்து பார்த்த அனுபவம் அவர்களுக்கு இருந்ததே இல்லை. ஒவ்வொரு முறையும் உச்சிக்குப் போகும் வழியிலேயே பற்றவைத்திருப்பார்கள்.

அந்தச் சில நிமிடங்களில் என்ன செய்வது? 'நினைக்கவே கூடாது' என்று பல்லைக் கடிப்பது உதவாது. ஜேம்ஸ் எர்ஸ்கின் 2010-இல் சோதித்துப் பார்த்தார். ஒரு வாரம் புகை பற்றிய நினைப்பையே அடக்கி வைக்கச் சொன்னவர்கள் அந்த வாரம் குறைவாகப் புகைத்தார்கள், அடுத்த வாரம் மற்றவர்களைவிட அதிகமாகப் புகைத்தார்கள். ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதற்கு நேர் எதிரான வழியைச் சொல்லிக்கொடுத்தார். தவிப்போடு மல்லுக்கு நிற்காமல், அது உடம்பில் எங்கே இருக்கிறது, எப்படி ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று அலைமேல் மிதப்பவரைப்போல கவனித்துக்கொண்டிருப்பது. சிலருக்கு இது உடனே பிடிபடும். எல்லோருக்கும் அல்ல. கால் உள்ளவர்களுக்கெல்லாம் ஏற்றது விறுவிறுவென்று நடப்பது. பத்து, பதினைந்து நிமிட நடையில் தவிப்பு குறைவதை இங்கிலாந்தில் ஏட்ரியன் டெய்லரும் மற்றவர்களும் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார்கள். தவிக்கும்போது மனக்கண்ணில் ஒரு படம் ஓடும், பீடி, கனல், முதல் இழுப்பு என்று. கண்ணுக்கு வேறு வேலை கொடுத்தால் அந்தப் படம் கலைந்துவிடும். டெட்ரிஸ் விளையாட்டை மூன்றே நிமிடம் விளையாடியவர்களுக்குத் தவிப்பு கொஞ்சம் தணிந்தது என்று 2015-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. டெட்ரிஸ் தெரியாதவர் கோலப் புள்ளியை எண்ணலாம், ஒரு முறம் அரிசியில் கல் பொறுக்கலாம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது சால் ஷிஃப்மன் 1982-இல் வெளியிட்ட ஆய்வு. புகையை விட்டவர்கள் தவிப்பின் நடுவில் கூப்பிடுவதற்கென்று ஒரு தொலைபேசி இணைப்பை வைத்திருந்தார்கள். அழைத்தவர்களிடம் 'இப்போது எங்கே இருக்கிறீர்கள், கூட யார், என்ன செய்தீர்கள்' என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். தவிப்பு வந்த நேரத்தில் ஏதாவது ஒன்றைச் செய்தவர்கள் தப்பினார்கள். எதைச் செய்தார்கள் என்பதைவிட, எதையோ செய்தார்கள் என்பதுதான் வித்தியாசத்தை உண்டாக்கியது. எதுவுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தவர்கள்தான் அதிகம் விழுந்தார்கள். பக்கத்தில் புகைக்கும் ஆள் இருப்பதும் மதுவும் ஆபத்தைக் கூட்டின.

தனியாக இருக்கும்போது அந்த 'எதையோ' செய்யத் தோன்றுவதில்லை. அதற்குத்தான் ஆள் வேண்டும். எந்த ஆள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வீட்டு மனிதர்கள் போதாதா என்று கேட்கலாம். துணைவரின் ஆதரவைக் கூட்டப் பயிற்சி கொடுத்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2018-ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வில் பலன் தென்படவில்லை. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. "இன்னைக்கும் குடிச்சீங்களா? வாயை ஊதுங்க பாப்போம்" என்று அத்தை கேட்கும் குரலில் அன்பு இருக்கிறது, பயமும் இருக்கிறது. ஆனால் கேட்கப்படுபவருக்கு அது விசாரணை. விசாரணைக்கு மனிதன் பொய்தான் சொல்வான்.

லண்டனில் ராபர்ட் வெஸ்ட்டும் அவருடைய சகாக்களும் 1998-இல் வேறொன்றைச் செய்து பார்த்தார்கள். மருத்துவரிடம் புகையை விட வந்தவர்களில் முன்பின் தெரியாத இரண்டிரண்டு பேரைக் கூட்டாளிகளாகச் சேர்த்து, ஒருவருக்கொருவர் போன் பேசிக்கொள்ளச் சொன்னார்கள். நான்கு வார முடிவில் கூட்டாளி கிடைத்தவர்களில் 27 சதவீதம் பேர் புகைக்காமல் இருந்தார்கள். தனியாக முயன்றவர்களில் 12 சதவீதம். பிறகு, ஏற்கெனவே குழுவாகச் சந்திப்பவர்களுக்குள் இப்படி ஜோடி சேர்த்துப் பார்த்தபோது கூடுதல் பலன் பெரிதாக இல்லை. அது சரிதான். குழுவே கூட்டாளியாக இருக்கும்போது இன்னொரு கூட்டாளி எதற்கு? புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு முயல்பவர்களைவிட, குழுவில் சேர்ந்தவர்கள் விடும் வாய்ப்பு ஒன்றரை முதல் இரண்டு மடங்கு என்கிறது இன்னொரு காக்ரேன் மதிப்பாய்வு.

தன்னைப்போலவே விட்டுக்கொண்டிருக்கும் ஆள் சொல்லும் சொல்லில் ஒரு தனிச் சத்து இருக்கிறது. "எனக்கும் மூணாம் நாள் இப்படித்தான் தலை வெடிச்சுது. அஞ்சாம் நாள் கொறஞ்சுது பாருங்க." இதை மருத்துவர் சொன்னால் தகவல். ஐந்தாம் நாளில் இருப்பவர் மூன்றாம் நாளில் இருப்பவரிடம் சொன்னால் அது சாட்சி. சொல்பவருக்கும் அதில் லாபம் உண்டு. இன்னொருவரைத் தேற்றிவிட்டு அடுத்த நிமிடம் தானே பற்றவைக்க மனம் வராது.

ஆள் என்பது நேரில் இருக்கும் ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. பிரிட்டனில் 5,800 பேரை வைத்து நடத்திய ஆய்வொன்று 2011-இல் வெளிவந்தது. தவிப்பு வரும்போது செல்போனில் ஒரே ஒரு சொல்லைத் தட்டி அனுப்பினால் உடனே பதில் செய்தி வரும். ஆறு மாதம் கழித்து எச்சில் பரிசோதனையோடு சரிபார்த்தபோது, இந்த உதவி கிடைத்தவர்களில் 10.7 சதவீதம் பேர் விட்டிருந்தார்கள். மற்றவர்களில் 4.9. நம் நாட்டில் 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. அது சிகரெட் பாக்கெட்டின் மேலேயே அச்சாகியிருக்கிறது. வாங்குபவர்களில் எத்தனை பேர் அதைப் படிக்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

இதைவிடப் பெரிய வட்டத்தில் பார்த்தவர்கள் நிக்கோலஸ் கிறிஸ்டாக்கிஸும் ஜேம்ஸ் ஃபவ்லரும். அமெரிக்காவின் ஃபிராமிங்காம் இதய ஆய்வில் இருந்த 12,067 பேரின் 1971 முதல் 2003 வரையான உறவு, நட்பு விவரங்களை வரைபடமாகப் போட்டார்கள். கணவனோ மனைவியோ விட்டால் மற்றவர் புகைப்பதற்கான வாய்ப்பு 67 சதவீதம் குறைந்தது. நண்பர் விட்டால் 36, உடன்பிறந்தவர் விட்டால் 25. ஒத்த மனம் உள்ளவர்கள்தானே நண்பர்கள் ஆகிறார்கள், இதை எப்படித் தொற்று என்று சொல்வது என்று புள்ளியியலாளர்கள் எழுப்பிய ஆட்சேபத்திலும் நியாயம் உண்டு. ஆனால் அந்த வரைபடத்தில் ஒன்றை மறுக்க முடியாது. மனிதர்கள் ஒவ்வொருவராக உதிரவில்லை. கொத்துக் கொத்தாக, ஒரு கூட்டமே சேர்ந்து புகையை விட்டிருந்தது. இங்கிலாந்தில் 2012 அக்டோபரில் '28 நாள் எல்லோரும் சேர்ந்து விடுவோம்' என்று அரசே அழைத்தபோது, அந்த மாதம் விட முயன்றவர்களின் எண்ணிக்கை வழக்கத்தைவிட ஏறக்குறையப் பாதி மடங்கு கூடியது. நமக்குக் கார்த்திகை எப்போதிருந்தோ இருக்கிறது. ஒரே நாளில் தொடக்கம், எல்லோருக்கும் தெரியும் ஓர் அடையாளம், சாயங்காலம் பஜனைக்கு ஒன்றுகூடல், வழி தெரிந்த குருசாமி, முதல் வருடம் வரும் கன்னிச்சாமி. புகையை நிறுத்தும் மையம் ஒன்றை இன்று புதிதாகத் திட்டமிட்டால்கூட இதில் பெரும்பாலானவற்றைத்தான் எழுதி வைக்க வேண்டியிருக்கும்.

அப்படியிருந்தும் 49-ஆம் நாள் ஏன் தோற்கிறது?

கில்லிண்டர் பேடி குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு விடை கிடைக்கிறது. புகையை நிறுத்தியவர்களை 7, 14, 35 நாள் என்று பிரித்துச் சோதித்தார்கள். அடியில் ஓடும் தவிப்பு நாளாக ஆகக் குறைந்தது. சிகரெட்டைக் கண்ணில் காட்டினால் எழும் தவிப்போ நாளாக ஆகக் கூடியது. உள்ளே எல்லாம் அமைதியாகிவிட்டது என்று தோன்றும் அதே சமயத்தில், தூண்டும் பொருளுக்கு மட்டும் மூளை முன்னைவிடக் கூர்மையாக இருக்கிறது. 48 நாள் முடியும்போது மாமா அந்த இடத்தில்தான் நிற்கிறார். அந்த நேரம் பார்த்து மாலை கழன்றுவிடுகிறது, பஜனை நின்றுவிடுகிறது, யாரும் சாமி என்று கூப்பிடுவதில்லை. சாத்திய கதவு திறந்துகொள்கிறது. துணைக்கு வந்தவர்கள் எல்லாம் அவரவர் வீட்டுக்குப் போயிருப்பார்கள். கடைக்காரர் பழையபடி கட்டை எடுத்து நீட்டுகிறார்.

பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. ஒன்று குடித்துவிட்டால் 'விரதம் முறிந்தது, இனி என்ன' என்று முழுக் கட்டையும் தீர்ப்பது. சறுக்கலைவிட, சறுக்கியபின் வரும் இந்த மனக்கசப்புதான் ஆளைக் கவிழ்க்கிறது என்பதை மார்லட் விரிவாக எழுதியிருக்கிறார். ஒரு இழுப்பு சின்ன விஷயம் அல்ல, பாதி ஏற்பிகள் நிரம்பிவிடும் என்று மேலே பார்த்தோம். ஆனால் நிரம்பியது மறுநாளே வடிந்தும் விடும். அந்த ராத்திரியில் "போனது ஒண்ணு, போகட்டும். மிச்சத்தைத் தூக்கிக் குப்பையில போடு, நான் லைன்லயே இருக்கேன்" என்று சொல்ல ஒரு குரல் இருந்தால், 48 நாளில் சேர்த்தது வீணாகாது.

நான் கல்லூரிக்குப் போன வருடம் அந்தப் பெட்டிக்கடைக்காரரும் மாலை போட்டார். அவருக்கு மாமாவைவிடப் பழக்கம் அதிகம், போதாததற்கு நாள் முழுக்க அந்தக் கயிற்றுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். இருவரும் ஒரே வேனில் மலைக்குப் போய் வந்தார்கள். திரும்பும் வழியில் என்ன பேசிக்கொண்டார்களோ தெரியாது. மாலையைக் கழற்றிய அன்று மாமா கடைக்குப் போனபோது கடைக்காரர் கட்டை எடுக்கவில்லை. "வாங்க சாமி" என்று பழத்தைப் பிய்த்துக் கொடுத்தார். மாமா கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

விடுமுறைக்கு நான் மாமா வீட்டுக்குப் போயிருந்த ஒரு ராத்திரி, பதினொரு மணி இருக்கும், கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் கடைக்காரர். சட்டைப் பொத்தான்கூடச் சரியாகப் போடவில்லை. "தூக்கம் வரல சாமி. சும்மா ஒரு பத்து நிமிஷம் உக்காந்துட்டுப் போறேன்" என்றார். மாமா எதுவும் கேட்காமல் திண்ணையில் இடம்விட்டு நகர்ந்தார். அத்தை சுக்குக் காபி வைத்துக் கொடுத்தாள். அவர்கள் பீடியைப் பற்றிப் பேசவே இல்லை. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது, பெரியவனுக்குப் பெண் பார்க்கிறார்கள், கிழக்குத் தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது என்று ஏதேதோ பேசினார்கள். கடைக்காரரின் வலது கை முதலில் லோட்டாவை இறுக்கிப் பிடித்திருந்தது, பிறகு தளர்ந்தது. காபி முடிந்ததும் எழுந்து "வர்றேன் சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது ஆனி மாதம். இரண்டு பேர் கழுத்திலும் மாலை இல்லை.